விரிசல் பிரிவு

நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பெயர் விரிசல் பிரிவு. பழைய நகர நிலநடுக்க இடர் மேலாண்மை ஆணையத்தில் ஒத்திகைப் பிரிவு, விழிப்புணர்வுப் பிரிவு, வரைபடப் பிரிவு என்று மொத்தம் பதினொரு பிரிவுகள் உண்டு. அவற்றில் பழைய நகரத்துக்குள் கால் வைக்கிற பிரிவு எங்களுடையது மட்டும்தான். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் ஒரு ஏணியும்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. போன மாதம் வந்த விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'கடமை தவறாத களப்பணியாளர்.' அதைப் படித்த நாளிலிருந்து யாராவது என்னை நேராகப் பார்த்தால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறேன்.

வேலை மிகவும் சுலபம். பழைய நகரம் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும் மர உத்தரமுமாகக் கட்டிய மூன்றடுக்கு வீடுகள். சில வீடுகளுக்கு வயது முந்நூறு. சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாகச் சாய்ந்திருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை ஊரே குலுங்கிப் பாதி நகரம் போனது. மிச்சம் நின்ற பாதிக்குத்தான் எங்கள் ஆணையம்.

எந்த வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தாலும் நான் ஏணி போட்டு ஏறுவேன். விரிசலுக்குக் குறுக்கே ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனைகளையும் பிளாஸ்டரால் ஒட்டுவேன். ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதி கீறிவிட்டு இறங்குவேன். சும்மா கிடக்கிற பழைய விரிசல் என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் நகர்ந்துகொண்டிருந்தால் உடைந்துபோகும். கண்ணாடிக்கு நீளத் தெரியாது, வளையத் தெரியாது, அனுசரித்துப் போகத் தெரியாது. எங்கள் ஆணையத்தில் அந்தக் குணம் உள்ள வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

கண்ணாடி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி உண்டு. மூன்று நாளுக்குள் அந்த வீட்டாரை வேறு இடத்தில் குடிவைக்க வேண்டும். சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுப்பதென்றால் மரபுக் கட்டிடத் துறையின் அனுமதி வேண்டும், ஏனென்றால் வீடுகள் எல்லாம் வரலாற்றுச் சின்னங்கள். ஒருமுறை நானே மனுவை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மாள் இரண்டு தடவை பொறுமையாகப் படித்தார்.

"இந்தச் சுவர் விழப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் என்ன?"

"கண்ணாடி உடைஞ்சிருக்கு மேடம்."

"அது கண்ணாடி உடைஞ்சதுக்கு ஆதாரம். சுவர் விழும்ங்கறதுக்கு?"

"அது விழுந்தாத்தான் மேடம் தெரியும்."

"அப்ப விழட்டும். ஒரு போட்டோ எடுத்து இணைச்சுக் கொண்டாங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். நான் எந்த ஃபைலையும் நிறுத்தி வைக்கிறவ இல்ல."

விதி ஒரே ஒரு தடவை முழுதாகக் கடைப்பிடிக்கப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது ஆணையமும் பழைய நகரத்தில்தான் இருந்தது. இயக்குநரின் அறையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நான் ஒட்டிய கண்ணாடி ஒரு திங்கட்கிழமை உடைந்தது. வியாழக்கிழமை காலையில் ஆணையம் முழுவதும், பூந்தொட்டிகள் உட்பட, புதுநகரத்தில் மாடியே இல்லாத ஒரு இரும்புக் கட்டிடத்தில் இருந்தது. முட்டுக் கொடுக்கும் மரம்கூட எங்கிருந்தோ வந்துவிட்டது. காலியான அந்தக் கட்டிடம் இன்றைக்கும் முட்டோடு பத்திரமாக நிற்கிறது.

இயக்குநர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். மாதாந்திரக் கூட்டத்தில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மாதம் எத்தனை? நான் முதன்முதலாக ஏழு என்று சொன்ன மாதம் எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏழு," என்றார் இயக்குநர். "போன மாசம் ரெண்டு. இந்த மாசம் ஏழு. இந்த ஆணையம் எதுக்கு இருக்கு? நிலநடுக்கத்தால எதுவும் உடையக்கூடாதுன்னு இருக்கு. நீங்க என்ன பண்றீங்க? உடைஞ்சதை எண்ணி எடுத்துக்கிட்டு வர்றீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லல. இன்னும் கொஞ்சம் பொறுப்பா ஒட்டுங்கன்னு சொல்றேன்."

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. ஏழு கண்ணாடிகள் உடைந்ததற்கு ஒட்டியவர் என்ற முறையில் விளக்கம் தர வேண்டுமாம். சுவர் நகர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். சுவர் என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, கண்ணாடி பற்றி மட்டும் விளக்குக என்று இரண்டாவது மெமோ வந்தது.

நாலைந்து பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அலுவலர்தான் என்னைக் காப்பாற்றினார். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் "ஆகட்டும் சார்" என்பார் என்பதால் ஆபீசில் அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர். என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போனார். மாடியில்லாத கட்டிடத்தில் மாடிப்படி எதற்கு என்று கேட்காதீர்கள். வரைபடத்தில் இருந்தது, கட்டிவிட்டார்கள்.

"உடைஞ்சா பேத்துட்டுப் புதுசு ஒட்டு. தேதி மட்டும் பழசையே கீறு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த வீட்டுல ஆளுங்க இருக்காங்களே சார்."

"இருக்கட்டுமே. அவங்களைப் போகச் சொல்ற அதிகாரம் உனக்கு இருக்கா? இல்ல. எனக்கு இருக்கா? இல்ல. அப்புறம் எதுக்கு அவங்க தூக்கத்தையும் கெடுத்து உன் தூக்கத்தையும் கெடுத்துக்கற?"

முதல் தடவை பழைய தேதியைக் கீறியபோது மாதத்தைத் தப்பாகப் போட்டு, அழித்து மறுபடி கீறினேன். ஏணியின் கீழே அந்த வீட்டு அம்மாள் எனக்காக டீயோடு நின்றுகொண்டிருந்தாள். "நல்லாயிருக்கா தம்பி?" என்றாள். "நல்லாயிருக்கு," என்றேன். டீயையும் வாங்கிக் குடித்தேன். பத்தாவது, இருபதாவது தடவையில் தப்பு வருவது நின்றுவிட்டது. டீ மட்டும் பாக்கி. ஆறு வருடம் இப்படிப் போனது. மாதாந்திரக் கூட்டத்தில் நான் "பூஜ்யம்" என்று சொல்வேன், எல்லோரும் கை தட்டுவார்கள், இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கும்.

மற்றப் பிரிவுகளும் சும்மா இருக்கவில்லை. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத அளவுக்குச் சந்துகள் குறுகல் என்று யாரோ புகார் எழுதினார்கள். வரைபடப் பிரிவு ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று சந்துகளை அகலப்படுத்தியது, வரைபடத்தில். வண்டி ஓட்டுநர் அந்த வரைபடத்தை நம்பி ஒரு சந்துக்குள் நுழைந்தார். வண்டி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. வரைபடம் சரி, வண்டிதான் அகலம் என்று முடிவாயிற்று.

பிறகு வந்ததுதான் உடையாக் கண்ணாடித் திட்டம். ஓர் ஆலோசகர் வந்து மூன்று மாதம் ஆய்வு செய்தார். கண்ணாடிகள் ஏன் உடைகின்றன என்பதுதான் ஆய்வு. உடையக்கூடிய பொருளால் செய்யப்பட்டிருப்பதே காரணம் என்று கண்டுபிடித்தார். கண்ணாடிக்குப் பதில் தெளிவான பிளாஸ்டிக் பட்டை, பிளாஸ்டருக்குப் பதில் ரப்பர் பசை. இழுத்தால் நீளும், வளைத்தால் வளையும். தொடக்க விழாவில் இயக்குநர் ஒரு பட்டையைக் கையில் எடுத்து எல்லோர் முன்பாகவும் மடக்கிக் காட்டினார்.

"இத்தனை காலமா நம்ம மக்கள் ஒவ்வொரு நாளும் சுவத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்து வாழ்ந்தாங்க. இனிமே அந்தப் பயம் வேண்டாம். இந்த நகரத்துல இனி ஒரு கண்ணாடிகூட உடையாது. நில அதிர்வு எவ்வளவு பெருசா வந்தாலும் சரி, உடையாது. இது என்னோட உறுதிமொழி."

எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். ஆயிரத்து நூறு கண்ணாடிகளைப் பேர்த்தெடுத்து ஆயிரத்து நூறு பட்டைகளை ஒட்டினேன். மிச்சமிருந்த கண்ணாடித் துண்டுகள் ஒரு டப்பாவில் என் வீட்டு அலமாரியில் கிடந்தன.

அக்காவின் வீடு பழைய நகரத்தின் நடுவே, மணிக்கூண்டுக்குப் பின்சந்தில். கீழே அத்தானின் பைண்டிங் கடை, மேலே குடித்தனம். அத்தான் புத்தகம் தைத்து அட்டை போடுகிறவர். கடையின் பின்சுவரை ஒட்டி, தைத்த புத்தகங்களை வைத்துத் திருகி அழுத்துகிற அவருடைய இரும்புப் பிரஸ் நிற்கும். நாலு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். வசந்தகாலத்தில் ஒருநாள் அந்தச் சுவரில், கதவு உத்தரத்திலிருந்து கூரைவரை, மயிரிழைபோல ஒரு விரிசல் வந்தது.

"ஊருக்கெல்லாம் ஒட்டற, எனக்கு ஒட்ட மாட்டியா?" என்றாள் அக்கா.

பையில் பட்டைதான் இருந்தது. கை வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், வீட்டு டப்பாவிலிருந்து நிஜக் கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து ஒட்டினேன். ஆறு வருடத்தில் நான் செய்த ஒரே நேர்மையான வேலை அது. பிரஸ்ஸைத் தெருப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். ஒரு மாதம் கண்ணாடி முழுதாக இருந்தால் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம் என்றேன். அத்தான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பிரஸ்ஸைச் சுற்றி வளைந்து வளைந்து வேலை செய்தார்.

பதினோராவது நாள் அக்கா ஆள் அனுப்பினாள். கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. இடைவெளியில் என் நகம் நுழைந்தது.

நேரே ஆபீசுக்குப் போய் ஆகட்டுமிடம் அசைவு அறிக்கைப் படிவம் கேட்டேன்.

"அதை நிறுத்தியாச்சே. உடையாததுக்கு எதுக்குப் படிவம்?"

"ஒண்ணு உடைஞ்சிருக்கு சார். எங்க அக்கா வீட்டுல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது எப்படி உடையும்?"

சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு ரொம்ப அன்பாகத்தான் பேசினார்.

"இங்க பாரு. நீ அங்கீகரிக்காத பொருளை ஒட்டியிருக்க. அது முதல் தப்பு. இதை எழுதினா, அப்ப மத்த ஆயிரத்து நூறும் ஏன் உடையலன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஏன் உடையலன்னு கேப்பாங்க. அத்தனைக்கும் கீழ யார் கையெழுத்து? என்னுதா? உனக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. நான் உனக்கு எதுவும் சொல்லல. நீயே யோசி."

யோசித்தேன். என் யோசனையில் அக்காவும் அத்தானும் ஓரமாகத்தான் நின்றார்கள். நடுவில் நின்றது நான். ஆபீஸ் வேண்டாம், அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வெளியேறச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. என் வீட்டுக்கு இப்படியென்றால் பக்கத்து வீட்டுக்கு எப்படி என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆணையத்துக்கே வந்துவிடுவாள். அதற்குத்தான் பயந்தேன். அந்தப் பயத்துக்கு நல்ல பெயர் ஒன்று வைக்க இத்தனை நாளாக முயற்சி செய்து பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

மறுநாள் உடைந்த கண்ணாடியைப் பேர்த்துவிட்டுப் பட்டையை ஒட்டினேன்.

"அது உடைஞ்சதே, அது என்னன்னு ஒண்ணும் சொல்லலியே நீ," என்றாள் அக்கா.

"அது பழைய ரகம்கா. தரம் சரியில்ல. இது புது ரகம்."

ஒரு மாதம் கழித்துப் போனபோது அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தினமும் பார்க்கிறாளாம். "ஒரு கீறல்கூட இல்ல பாரு. சரியாயிடுச்சுல்ல?"

"சரியாயிடுச்சு," என்றேன்.

அன்று மாலையே அத்தான் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பிரஸ்ஸைப் பின்சுவரோரம் தள்ளிவிட்டார். நானும் ஒரு கை கொடுத்தேன்.

வருடாந்திர நிலநடுக்க ஒத்திகை இலையுதிர்காலத்தில் வந்தது. நிகழ்ச்சி நிரலை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தோம். பத்து மணிக்கு நிலநடுக்கம். சைரன் ஒலித்ததும் மக்கள் மேசைக்கடியிலிருந்து எழுந்து வரிசையாக வெளியேறுதல். பத்து ஐந்துக்குத் தலைமை விருந்தினர் பார்வையிடுதல். பத்தேகாலுக்கு வரவேற்புரை. அக்காவின் சந்து எனக்குப் பழக்கமானது என்பதால் மஞ்சள் மேலங்கியும் விசிலும் கொடுத்து என்னையே அங்கே நிறுத்தினார்கள்.

பத்து மணி ஆயிற்று, தலைமை விருந்தினர் வரவில்லை. பத்தே இருபதுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "தவிர்க்க முடியாத காரணங்களால் நிலநடுக்கம் பதினொன்றரை மணிக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதுவரை பொதுமக்கள் மேசைக்கடியிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பதினொன்று பத்துக்கு நிலம் நடுங்கியது. நிஜமாகவே.

பெரிய நடுக்கம் இல்லை. கனத்த வண்டி ஒன்று காலடிக்குக் கீழே ஓடுகிற மாதிரி ஏழெட்டு விநாடி. ஜன்னல் கதவுகள் படபடத்தன. ஓடுகள் இரண்டு கீழே விழுந்தன. சந்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே இருந்தார்கள். ஒருவரும் வரிசையில் வரவில்லை, எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆணையத்தின் பதினாறு வருடச் சரித்திரத்தில் அதைவிடச் சிறப்பாக ஒரு வெளியேற்றம் நடந்ததில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்னும் சைரன் ஒலிக்கவில்லை. முன்கூட்டியே வெளியே வந்தவர்கள் தயவுசெய்து உள்ளே செல்லவும்."

இயக்குநரே சந்து முனைக்கு வந்துவிட்டார். பின்னால் புகைப்படக்காரர்கள்.

"சார், நிஜமாவே நடுங்கிச்சு," என்றேன்.

"தெரியும். நானும்தான் உணர்ந்தேன்," என்றார் அவர் அமைதியாக. "அது நம்ம நிகழ்ச்சில இல்ல. தலைமை விருந்தினர் கார் பாலத்துகிட்ட வந்தாச்சு. வந்து பார்த்தா மக்கள் ஏற்கெனவே வெளிய நிக்கறாங்க. ஆணையம் என்ன பண்ணுச்சுன்னு கேப்பாரா இல்லையா? உங்க சந்தை நீங்க பார்த்துக்குங்க."

அத்தான் என்னிடம் வந்தார். கையில் நூல் சுற்றிய ஊசி இருந்தது; அவசரத்தில் அப்படியே வந்துவிட்டார்.

"மாப்ள, உள்ள போலாமா? பின்சுவத்துலேர்ந்து கொஞ்சம் மண்ணு கொட்டுச்சு."

அந்தச் சுவரைப் பற்றி அந்தச் சந்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு அடி தள்ளி இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"கண்ணாடி உடைஞ்சிருக்கா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். முழுசா இருக்கு."

"அப்பப் போங்க அத்தான். சைரன் ஊதினதும் வந்துடலாம்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். என் பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்கா வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போனவர் மேசைக்கடியில் சும்மா உட்கார மனமில்லாமல், பிரஸ்ஸில் இருந்த புத்தகக் கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்று சுவரோரம் போயிருக்கிறார். பதினொன்று இருபத்து நாலுக்குப் பின்சுவர் விழுந்தது.

தூசியில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவின் குரல் மட்டும் கேட்டது. நாங்கள் ஆறேழு பேர் கையால் கல்லை அள்ளிக்கொண்டிருக்கும்போது பதினொன்றரைக்கு, நிமிடம் பிசகாமல், சைரன் ஒலித்தது. தலைமை விருந்தினர் சந்துக்குள் வந்தார். அத்தானைக் கதவுப்பலகையில் வைத்து நாங்கள் தூக்கிவருவதைப் பார்த்து அவர் நின்றுவிட்டார்.

"ரொம்பத் தத்ரூபமா செஞ்சிருக்கீங்க," என்றார் இயக்குநரைப் பார்த்து.

இயக்குநர் ஒரு விநாடி தயங்கினார். அப்புறம், "நன்றி சார்," என்றார்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். வலது கையை மட்டும் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் இயக்குநரே. வேறு யாருக்கும் இவ்வளவு விவரம் தெரியாது என்பதால் அப்படி. என்னையும் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசை நடுவில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் என் பட்டையை வைத்திருந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்தது. கசங்காமல், கீறல் இல்லாமல், துடைத்த மாதிரி இருந்தது.

"சுவரே விழுந்திருக்கு, கண்ணாடி உடையல," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "இதைவிட நம்ம திட்டத்துக்கு வேற சான்று என்ன வேணும்? கண்ணாடி முழுசா இருக்குன்னா, சுவர் நகரலன்னு அர்த்தம். நகராத சுவர் ஏன் விழுந்துச்சு? பக்கத்துல கனமான இயந்திரம் வெச்சிருந்தாங்க. அதான்."

ஆகட்டும் குறித்துக்கொண்டார்.

"இனி ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. வெளிய வந்தவரு மறுபடி ஏன் உள்ள போனாரு? ஒலிபெருக்கில சொன்னது பொதுவான அறிவிப்பு. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. களத்துல இருந்த ஊழியர் யாராவது நேரடியா உள்ள போகச் சொல்லியிருந்தா, அது அந்த ஊழியரோட தனிப்பட்ட தவறு. அதுக்கு ஆணையம் பொறுப்பேத்துக்காது, அவரைப் பணியிலேயும் வெச்சுக்காது." அவர் அக்காவைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா. யாராவது சொன்னாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த பட்டையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல," என்றாள். "அவராத்தான் போனாரு."

அந்த விநாடியில் எனக்கு வந்தது நிம்மதி. இவ்வளவு நேரம் சுற்றிவளைத்து நான் சொல்லவந்தது இதைத்தான். துக்கமோ நன்றியோ வரவில்லை. இறுக்கிக் கட்டிய பெல்ட்டைத் தளர்த்தியது போல வயிறு லேசாயிற்று. சாட்சி என்று இருந்த இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, "அக்கா, எனக்காக நீ..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்காகச் சொல்லல," என்றாள். நிற்கவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அவரால இனிமே ஒரு புஸ்தகம் தைக்க முடியாது. இனி நம்ம குடும்பத்துல வேலைன்னு ஒண்ணு இருக்கறது உனக்கு மட்டும்தான். அதுவும் போயிட்டா நாங்க எங்க போறது?" கொஞ்ச தூரம் போனபிறகு, "கண்ணாடி விஷயம் இன்னொரு நாள் பேசலாம்," என்றாள். அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை. தினமும் காலையில் அது இன்றைக்குத்தானோ என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

இப்போது அவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையலுக்குப் போகிறாள். காலையிலேயே கிளம்பிவிடுவாள். அதனால் நான் ஆபீஸ் போகுமுன் அத்தானுக்கு முகம் கழுவிவிட்டு, சட்டை மாட்டி, பட்டன் போட்டுவிடுகிறேன். அவர் கூச்சப்பட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கும் அது சௌகரியம்.

விசாரணை அறிக்கையின் பிரதி ஒன்று அவருக்கும் தபாலில் வந்திருந்தது. இடது கையால் பக்கம் திருப்பி இரண்டு மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தார். தையல் சரியில்லை, சீக்கிரம் தாள் கழன்றுவிடும் என்று மட்டும் சொன்னார். இன்று காலை நான் பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ சொல்லித்தான் நான் உள்ள போனேன்னு ஒரு நெனப்பு எனக்கு. இதுல நானா போனேன்னு போட்டிருக்கு. உங்க அக்காவும் அப்படித்தான் சொல்றா. கல்லு தலையிலயும் பட்டுச்சுல்ல, எனக்குத்தான் ஏதாவது குழம்பிப் போச்சா?"

சந்தேகமாக இல்லை, கோபமாகவும் இல்லை. தன் தலை சரியாக இருக்கிறதா என்று பயந்துபோய்க் கேட்டார்.

மேல்பட்டன் ஒன்று பாக்கி இருந்தது. துவாரம் சிறியது, கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் நுழைக்க வேண்டும்.

"ஆமா அத்தான்," என்றேன். "நீங்களாத்தான் போனீங்க."